எண்ணெய்க்கு மருந்து

மாட்டுவண்டிகள் சாலையை ஆண்ட காலத்தில், வண்டியின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஒரு மூங்கிற்குழாயோ தகரக் குவளையோ ஆடிக்கொண்டு தொங்குவதைக் கண்டவர்கள், அதனுள் இருந்த கரிய குழம்பை வண்டிமை என்று அறிவார்கள். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த அந்த மையை, தொலைதூரம் புறப்படுமுன் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து அச்சின்மேல் தடவுவார். தடவாத வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னரே கிறீச்சிட்டுத் தன் எஜமானனின் சோம்பலைத் தெருவெங்கும் பறைசாற்றிவிடும். எண்ணெய் மட்டும் போதாதா, அதில் எதற்காகக் கரியைக் கலக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், அவர்களில் எவரும் இரசாயன சாஸ்திரத்தைத் துணைக்கு அழைத்து விடை கூறியிருக்கமாட்டார்கள். வெறும் எண்ணெய் வெயிலில் இளகி வழிந்துவிடும், கரி சேர்ந்தால் அச்சைப் பற்றிக்கொண்டு நிற்கும் என்ற அனுபவ ஞானமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எண்ணெயோடு வேறொரு பொருளைக் கூட்டி அதன் குணத்தை உயர்த்தலாம் என்னும் எண்ணம், ஆகவே, நமக்கு நேற்று வந்ததன்று.

அந்த விளக்கெண்ணெயே மோட்டார் யுகத்தின் விடியற்காலத்திலும் கௌரவத்தோடு வீற்றிருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முதல் உலக யுத்தத்தில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களும், பந்தயச் சாலையில் ஓடிய மோட்டார்சைக்கிள்களும் ஆமணக்கின் நெய்யைக் குடித்தே உழைத்தன. 1909-இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனியார் தங்கள் புதிய எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததும், ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்னும் ஆங்கிலச் சொல்லை அடியொற்றித்தான். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூறு ஒரு முனையால் உலோகத்தை விரும்பிப் பற்றும் இயல்புடையது. ஆயினும் நெடுநேரம் உஷ்ணத்தில் கிடந்தால் அது பிசினாக இறுகிப் போகும். அதனால் பூமிக்கடியிலிருந்து எடுத்த கனிம எண்ணெய் அதன் ஸ்தானத்தைக் கைப்பற்றியது. கனிம எண்ணெய் மலிவானது, எளிதில் பிசினாகாதது. ஆனால் உலோகத்தின்மேல் அதற்கு அந்தப் பாசம் இல்லை. இல்லாத பாசத்தை உண்டாக்குவதற்காக இரசாயன நிபுணர்கள் செய்த முயற்சிகளின் கதையே எண்ணெய்ச் சேர்மானங்களின் கதை.

இன்று உதிரிபாகக் கடைகளின் கண்ணாடி அலமாரியில், மினுமினுக்கும் காகிதம் ஒட்டிய சிறு புட்டிகளில், அந்தக் கதையின் பிற்சேர்க்கை விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஆயிலோடு இதையும் ஊற்றினால் மைலேஜ் கூடும், பிக்கப் ஏறும், சத்தம் அடங்கும், எஞ்சினின் ஆயுள் இரட்டிக்கும் என்றெல்லாம் அந்தக் காகிதம் வாக்குறுதி அளிக்கிறது. நானும் ஒருமுறை அந்த வாக்குறுதியை நம்பியவன் என்பதைச் சிறிது வெட்கத்தோடு ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 97.2 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட, ஒன்பது ஆண்டுகள் உழைத்த என் வண்டியில் டேப்பட் சத்தம் சற்றே எழுந்திருந்தது. "சார், இதை ஒரு தடவை ஊத்திப் பாருங்க, வண்டி வெண்ணெ மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றார் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், ஊற்றினோம், ஒரு வாரம் வண்டி உண்மையாகவே வெண்ணெய்போல்தான் சென்றது. அதே தினத்தில் கறுத்துப்போன பழைய ஆயில் வடிக்கப்பட்டுப் புதியது ஊற்றப்பட்டதும், ஸ்பார்க் பிளக் துடைக்கப்பட்டதும், தொங்கிக் கிடந்த செயின் இழுத்துக் கட்டப்பட்டதும், இரண்டு டயருக்கும் காற்றுப் பிடிக்கப்பட்டதும் அந்த ஒரு வாரமும் என் நினைவுக்கு வரவேயில்லை. இரண்டாவது வாரம் கொல்லிமலைக்குப் போனபோது நேர்ந்ததை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குமுன், எண்ணெய் எஞ்சினுக்குள் பார்க்கும் உத்தியோகம் இன்னதென்று தெரிந்துகொள்வது நலம்.

எண்ணெய் வழுக்கும், ஆதலால் இரும்போடு இரும்பு தேய்வதைத் தடுக்கிறது என்று சொல்லி நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். 1883-இல் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலேயர் இந்தத் திருப்தியைக் குலைத்தார். இரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அவர், எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் அத்துளை வழியே வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்துப் பார்த்தார், மரமுளையை அடித்துப் பார்த்தார், இரண்டையும் எண்ணெய் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது, தாங்கியின்மேல் ஏற்றியிருந்த சராசரிச் சுமையழுத்தத்தைப்போல் இருமடங்குக்கும் அதிகமான அழுத்தம் அந்த எண்ணெய்ப் படலத்துக்குள் இருப்பது பிரத்தியட்சமாயிற்று. அச்சு இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கவேயில்லை. தன் சுழற்சியால் தானே இழுத்துவந்த எண்ணெயின்மேல் மிதந்துகொண்டிருந்தது. மூன்றாண்டு கழித்து, மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இந்த அதிசயத்துக்குக் கணித உருவம் கொடுத்தார். மழைக்காலத்தில் வேகமாகச் செல்லும் வண்டியின் டயர் தேங்கிய நீரின்மேல் ஏறிக்கொண்டு, சாலையைத் தொடாமலேயே சறுக்கிச் செல்கிறதே, அதுவும் இதே நியாயத்தின் கீழ் வருவதுதான். சாலையில் ஆபத்தாக இருப்பது எஞ்சினுக்குள் அமிர்தமாக இருக்கிறது.

இந்த மிதக்கும் நிலையில், இரண்டு உலோகங்களுக்கும் இடையே சில மைக்ரான் பருமனுள்ள எண்ணெய்ப் படலம் நிற்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் குறுக்களவே எழுபது மைக்ரான் அளவில் இருக்கும். இவ்வளவு மெல்லியதாயினும், படலம் முழுமையாக இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை; தொடாத இடத்தில் தேய்மானம் இல்லை; எண்ணெயின் பிசுபிசுப்பு ஒன்றைத் தவிர வேறு எந்தக் குணத்துக்கும் அங்கே வேலையில்லை. உலோகத்தின்மேல் பூச்சாகப் படிந்து காப்பாற்றுவேன் என்று வரும் எந்த மருந்தும், நோயில்லாத வீட்டுக்கு வந்த வைத்தியனைப்போல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

ஆனால் எஞ்சினின் எல்லா இடமும் அப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பிஸ்டன் மேலே சென்று திரும்பும் கணத்தில் ஒரு நொடியின் சிறு துணுக்குக்கு அசைவற்று நிற்கிறது. அசைவு நின்றால் எண்ணெயை இழுத்துவரும் சக்தியும் நின்றுவிடும். கேமின் மூக்கு ராக்கரின்மேல் ஏறி அழுத்தும் இடத்திலும், கியரின் பற்கள் ஒன்றையொன்று கடிக்கும் இடத்திலும் சுமை கடுமை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் உதைத்துக் கிளப்பும் முதற்சில சுற்றுகளிலும் படலம் முழுமை பெற்றிருப்பதில்லை. வேகம், சுமை, பிசுபிசுப்பு இம்மூன்றுக்கும் ஏற்ப உராய்வு எவ்வாறு இறங்கி ஏறுகிறதென்று 1902-இல் ஜெர்மானியரான ஸ்ட்ரிபெக் அளந்து வரைந்த வளைகோட்டை இன்றளவும் இத்துறை மாணவர்கள் முதற்பாடமாகப் படிக்கிறார்கள். அந்த வளைகோட்டின் இடது ஓரத்தில், படலம் கிழிந்து, சில மூலக்கூறு பருமனுள்ள ஒட்டுப்பூச்சு மட்டுமே இரும்பை இரும்பினின்றும் பிரித்து நிற்கும் பிரதேசத்துக்கு எல்லை மசகு என்ற பொருளில் 1922-இல் பெயரிட்டவர் வில்லியம் ஹார்டி என்னும் கேம்பிரிட்ஜ் உயிரியல் அறிஞர். உடலை ஆராய வந்தவர் உராய்வை ஆராய்ந்ததில் ஆச்சரியமில்லை. நம் முழங்கால் மூட்டும் ஒரு தாங்கிதானே.

இந்தக் குறுகிய பிரதேசமே சேர்மானங்களின் நியாயமான இராஜ்ஜியம். இங்கேதான் புட்டி விற்பவரின் வாதத்துக்கும் ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: அந்த இராஜ்ஜியத்தில் ஏற்கெனவே ஒரு மந்திரிசபை அமர்ந்து அரசாண்டுகொண்டிருக்கிறது.

நாம் கடையில் வாங்கும் எஞ்சின் ஆயில் வெறும் எண்ணெயன்று. அதில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை சேர்மானங்களே. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கவும் பிஸ்டனில் படியும் அழுக்கைக் கழுவவும் கால்சியம், மக்னீசியம் சேர்ந்த உப்புகள் உள்ளன. கழுவிய கரித்துகள்கள் ஒன்றுசேர்ந்து சேறாகாமல் தனித்தனியே மிதக்கவைக்க வேறொரு பொருள். உஷ்ணம் ஏறும்போது எண்ணெய் தண்ணீராக இளகிவிடாமல் தாங்க நீண்ட சங்கிலிபோன்ற பாலிமர். நுரையை அடக்க ஒரு துளி சிலிக்கோன். இவற்றுக்கெல்லாம் தலைமை வகிப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கூடிய ஒரு கூட்டுப்பொருள், இசட்.டி.டி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். எண்ணெய் கெட்டுப்போகாமல் காப்பதற்காக 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கலக்க ஆரம்பித்தார்கள்; தேய்மானத்தைத் தடுக்கும் மகிமை அதற்கு உண்டென்பது பிறகுதான் தெரியவந்தது. உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும் அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே இது சிதைந்து, கண்ணாடியையொத்த ஒரு பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது. மைக்ரானிலும் பத்தில் ஒரு பங்களவே பருமனுள்ள அந்தப் பூச்சு இரும்புக்குப் பதிலாகத் தான் தேய்ந்து கொடுத்து, மறுபடியும் உண்டாகிக்கொள்கிறது. தன்னைத் தேய்த்துப் பிறரைக் காக்கும் சந்தனக்கட்டையின் தர்மம் இதற்கும் உண்டு.

ஒன்று நல்லதென்றால் இரண்டு பங்கு இன்னும் நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். சமையலில் உப்பைப்பற்றி அப்படிக் கேட்பவர் எவருமில்லை. உலோகத்தின் மேற்பரப்பு அளவுள்ளது. அதில் இடம்பிடிக்கக் கழுவும் பொருளும் காக்கும் பொருளும் உராய்வைக் குறைக்கும் பொருளும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று இடமிழக்கும். காக்கும் பொருளே மிதமிஞ்சினால் உலோகத்தை அரிக்கவும் கூடும், எரிந்து சாம்பலாகிப் படியவும் கூடும். மோட்டார்சைக்கிள் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரவிதியைப் பார்த்தால் இந்த நுட்பம் விளங்கும். பாஸ்பரஸ் எடையில் நூற்றுக்கு 0.08-க்குக் குறையவும் கூடாது, 0.12-க்கு மிகவும் கூடாது என்று அது கூறுகிறது. குறைந்தால் கேமும் கியரும் தேயும். மிகுந்தால் புகைக்குழாயில் நச்சுவாயுவை மாற்றும் வினையூக்கியின்மேல் பாஸ்பரஸ் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் அமலில் உள்ள ஆறாம் பாரத் நிலை விதிகளின்படி வரும் வண்டிகளில் அந்த வினையூக்கி விலையுயர்ந்த பாகம். இப்படித் தராசில் நிறுத்து வைத்த கலவையில், தான் எதனால் ஆனவன் என்பதையே பெரும்பாலும் காகிதத்தில் சொல்லாத ஒரு புட்டியைக் கவிழ்க்கிறோம்.

இதுவரை சொன்னது காருக்கும் பொருந்தும். மோட்டார்சைக்கிளுக்கோ தனிப்பட்ட ஓர் இக்கட்டு உண்டு. இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை அதுதான்.

காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்பெட்டிக்கு ஓர் எண்ணெய். கையால் கியர் போடும் கார்களில் கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய் படாத உலர்ந்த அறையில் குடியிருக்கும். நாம் அன்றாடம் ஓட்டும் மோட்டார்சைக்கிளிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் கூட்டுக்குடும்பம். ஒரு லிட்டர் அளவுள்ள ஒரே எண்ணெய் மூவருக்கும் படியளக்கிறது. கிளட்ச் என்பது அடுக்கி வைத்த வட்டத் தகடுகள். ஒன்றுவிட்டு ஒன்று எஃகுத் தகடும், கார்க் அல்லது நார்ப்பொருள் ஒட்டிய உராய்வுத் தகடுமாக, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் ஒன்றையொன்று இறுகப் பற்றி எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. இவை பற்றுவது உராய்வினால். ஆக, பிஸ்டனிடம் வழுக்கு என்றும், கிளட்சிடம் வழுக்காதே என்றும் ஒரே எண்ணெயிடம் இரண்டு கட்டளைகளை ஏககாலத்தில் இடுகிறோம். அதுவும் இரண்டையும் நிறைவேற்றிக்கொண்டு வருகிறது. புட்டியிலிருக்கும் மருந்துக்கு இந்த விவேகம் கிடையாது. அது எதைத் தொட்டாலும் வழுக்கச் செய்யும்.

கொல்லிமலையில் எனக்கு நேர்ந்தது இதுவே. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டையூசி வளைவுகள். பின்னால் நண்பர் அமர்ந்திருந்தார். அவர் எடையைப்பற்றி எழுதினால் நட்புக்குப் பங்கம் வரும். ஏழெட்டு வளைவுகள் வரை ஒரு குறையுமில்லை. பிறகு ஒரு செங்குத்தான திருப்பத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் வீறிட்டு அலறுகிறது, வண்டி முன்னேற மறுக்கிறது. கருகிய நாற்றம் ஒன்று மூக்கைத் துளைத்தது. சமதரையில் போதுமானதாயிருந்த தகடுகளின் பிடி, மலையும் நண்பரும் சேர்ந்து கேட்ட பலத்துக்குப் போதாமல் சறுக்கியிருக்கிறது; சறுக்கச் சறுக்கச் சூடேறி, சூடேற ஏறத் தகடுகளின் முகம் கண்ணாடிபோல் பளபளப்பாகி, பிடி இன்னும் குறைந்தது. நண்பரை இறக்கி நடக்கவிட்டு மெல்லத் திரும்பி வந்தேன். ஆயிலை இரண்டுமுறை வடித்து மாற்றியும் பழைய பிடி வரவில்லை. கடைசியில் கிளட்ச் பிளேட்டுகளையே மாற்றவேண்டியதாயிற்று. புட்டியின் விலையைப்போல் பல மடங்கு செலவு. கிராஃபைட்டோ மாலிப்டினமோ சேர்ந்த எண்ணெய் கிளட்சைப் பாதிக்கக்கூடும், ஆகவே உபயோகிக்கவேண்டாம் என்று ஹோண்டா மோட்டார்சைக்கிள்களின் கையேடுகளில் வெகுகாலமாக அச்சிட்டு வருகிறார்கள்; கையேட்டை நம்மில் எவர் படிக்கிறோம்?

தரவிதி பிறந்த கதையும் இதே சறுக்கலில் தொடங்குவதுதான். பெட்ரோலை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களை மேன்மேலும் சேர்த்து வந்தபோது, அதே எண்ணெயைக் குடித்த மோட்டார்சைக்கிள்களின் கிளட்சுகள் வழுக்கத் தொடங்கின. ஜப்பானிய மோட்டார் வாகனத் தரநிர்ணய அமைப்பு, சுருக்கமாக ஜாசோ, 1998-இல் மோட்டார்சைக்கிளுக்கென்றே தனி விதி வகுத்து, கிளட்சைப் பிடிக்கவிடும் எண்ணெய்க்கு எம்.ஏ. என்றும், உராய்வு குறைந்த எண்ணெய்க்கு எம்.பி. என்றும் முத்திரை வகுத்தது, 2006-இல் எம்.ஏ.வையே இரண்டு படியாகப் பிரித்தது. பெல்ட்டால் ஓடும் கியரில்லா ஸ்கூட்டரில் கிளட்ச் எண்ணெய் படாத தனி அறையில் இருப்பதால் அதற்கு எம்.பி. தகும். எம்.ஏ. முத்திரை பெற்ற எண்ணெயில் நாம் வீட்டில் எதையாவது கலந்த கணமே, சோதனைச்சாலை தந்த அந்த முத்திரைக்கு அர்த்தமில்லாமற் போகிறது; சோதித்தது அந்தக் கலவையையன்று.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கையும் குறிப்பிடாவிட்டால் புல்லட் பிரியர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1955-இலிருந்து சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பில், எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், செயின் பெட்டியில் கிளட்சோடு வேறோர் எண்ணெய், கியர்பெட்டிக்கு மூன்றாவதாக ஒன்று என்று குடும்பம் பாகம் பிரிந்திருந்தது. ஆகவே எஞ்சினில் ஊற்றியது கிளட்சை எட்டாது. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முடிவில் வந்த ஒருங்கிணைந்த எஞ்சினில் அந்தப் பாகப்பிரிவினை ரத்தாகிவிட்டது. தாத்தாவின் புல்லட்டுக்கு ஒத்துக்கொண்டது பேரனின் புல்லட்டுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்புவது தவறு.

புட்டிகளுக்குள் என்னதான் இருக்கிறது? சிலவற்றில் கெட்டியான பாலிமர்க் குழம்பு. அது எண்ணெயைத் தடிக்கச் செய்வதால் டேப்பட் சத்தம் மங்கும், தேய்ந்த ரிங் வழியே ஏறும் புகையும் கொஞ்சம் குறையும். பழைய வண்டியை விற்க வருபவர் இதை ஊற்றிக்கொண்டு வருவதுண்டு. தேய்மானம் தீர்வதில்லை, மறைகிறது. அதுவும் நெடுநாள் மறையாது; கியரின் பற்களுக்கிடையே சிக்கும் நீண்ட பாலிமர்ச் சங்கிலிகள் கரும்பு ஆலையில் சிக்கியதுபோல் துண்டுபட்டு, எண்ணெய் பழையபடி இளகிவிடும்.

வேறு சிலவற்றில் டெஃப்லான் துகள். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த இப்பொருள், தோசைக்கல்லில் ஒட்டாமையின் உச்சம் என்பதை எல்லா இல்லத்தரசிகளும் அறிவார்கள். ஆனால் தோசைக்கல்லின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, டெஃப்லானின் உருகுநிலையான 327 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூளையில் சுட்டால்தான் அது பிடிக்கிறது. எண்ணெய் நனைந்த எஞ்சின் உலோகத்தில், அவ்வளவு சூடில்லாத இடங்களில், எதிலும் ஒட்டாததையே தன் பெருமையாகக் கொண்ட ஒரு பொருள் எப்படிப் பூச்சாக ஒட்டும் என்ற கேள்விக்கு விளம்பரத்தில் விடை கிடையாது.

மாலிப்டினம் டைசல்பைடு உண்மையிலேயே அருமையான மசகு. சீட்டுக்கட்டைப்போல் அடுக்கடுக்காகச் சரியும் அமைப்புடையது. ஆயினும் என் வண்டி போன்ற நூறு சி.சி. எஞ்சின்களில் ஒரு வேடிக்கை. அவற்றில் கார்களிலுள்ளதுபோன்ற காகித வடிகட்டி இல்லை. எஞ்சினோடு சுழலும் ஒரு குவளை, கனமான துகள்களை ஓரத்துக்கு வீசி ஒதுக்குகிறது. எண்ணெயைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் கனமான இந்தத் துகளை அந்தக் குவளை அழுக்கென்றே கருதும். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் எவ்வளவு பாகம் நோயாளியைச் சேர்கிறது, எவ்வளவு குவளையின் ஓரத்தில் படிகிறது என்பதை அடுத்த சர்வீசில் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது குளோரின் சேர்ந்த பாரஃபின். கண்காட்சிகளில் இதற்கொரு வித்தை காட்டுவார்கள். சுழலும் இரும்பு வளையத்தின்மேல் ஓர் உலோகக் கட்டையை நெம்புகோலால் அழுத்தினால், சாதாரண எண்ணெயில் சிறிது நேரத்தில் வளையம் கிறீச்சிட்டு நின்றுவிடும்; மருந்தைச் சில துளி விட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் ஓடும். கூட்டம் கைதட்டும், புட்டி விற்கும். வித்தை பொய்யன்று. கடுஞ்சூட்டில் குளோரின் இரும்போடு கூடி இரும்புக் குளோரைடாகிப் பூச்சுக் கொடுக்கிறது. உலோகம் கடையும் பட்டறைகளில் இதே காரணத்துக்காக இதை உபயோகிக்கிறார்கள். ஆனால் மிகக் கடுமையான அழுத்தத்தைத் தாங்கும் கியர் மசகுகளைச் சோதிக்கப் பிறந்த முறையைக் கொண்டு எஞ்சின் எண்ணெயை எடைபோடுவது, பளு தூக்குபவனை வைத்துப் பாட்டுக் கச்சேரியின் தரத்தைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும். குளிர்ந்த எஞ்சினுக்குள் நீராவி படிந்து ஈரம் சேரும்; ஈரமும் சூடும் குளோரினோடு கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேடையில் பத்து நிமிஷம் ஓடிய வளையத்துக்கு அந்தக் கதி வருவதில்லை. நம் வண்டிக்கு வரலாம்.

அமெரிக்காவில் இந்த வியாபாரத்தின்மேல் அரசாங்கத்தின் வாணிபக் கமிஷன் பலமுறை கை வைத்திருக்கிறது. 1978-இல் எஸ்.டி.பி. நிறுவனம், எண்ணெய்ச் செலவு குறையும் என்ற தன் விளம்பரத்துக்காக 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த இணங்கியது. டெஃப்லானின் பெயரால் புகழ்பெற்ற ஸ்லிக் 50-இன்மீது 1996-இல் குற்றம் சாட்டி, ஆதாரமின்றி இப்படிக் கூறக்கூடாது என்று மறுஆண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். 2001-இல் இசட்மேக்ஸ் என்னும் மருந்தின்மேல் கொண்டுவந்த குற்றச்சாட்டு இவற்றினும் சுவையானது: சோதனையில் மருந்து கலந்த எண்ணெய் தாங்கிகளை இருமடங்குக்கு மேல் அரித்திருக்க, அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள் என்றது கமிஷன். 2003-இல் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

மைலேஜ் கணக்கையும் ஒருவாறு போட்டுப் பார்த்துவிடலாம். பெட்ரோலின் சக்தியில் பெரும்பங்கு சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் போய்விடுகிறது. மிஞ்சி வேலையாக மாறுவதில் எஞ்சினுக்குள் உராய்வு தின்பது நூற்றுக்குப் பத்தளவில் என்று வைத்துக்கொள்வோம். அதில் படலம் கிழிந்த இடங்களின் பங்கு மூன்று என்று தாராளமாகவே கொடுப்போம். மருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது என்று இன்னும் தாராளமாக ஒப்புக்கொண்டாலும் மிச்சம் நூற்றுக்கு 0.6. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி 60.4 கிலோமீட்டர்கூட ஓடாது. ஒரு சிக்னலில் அதிகம் நின்றாலே கரைந்துவிடும் இந்த வித்தியாசத்தை, பெட்ரோல் டேங்கில் கண்ணால் அளந்து கண்டுபிடித்தோம் என்பவரின் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். டயரில் காற்றைச் சரியாக வைத்தால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உரிய தரமுள்ள எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிவரும் மோட்டார்சைக்கிளுக்கு இந்தப் புட்டிகளால் பிரயோஜனம் இல்லை. கிளட்ச் எண்ணெயில் நனையும் வண்டிக்கு அபாயமும் உண்டு. எஞ்சின்களைக் கெடுப்பது சேர்மானக் குறைவு அன்று, எண்ணெயே குறைவது. சிறிய எஞ்சின் ஒரு லிட்டரை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்றுச் சுழல்கிறது. கால் லிட்டர் எரிந்துபோனால் நாலில் ஒரு பங்கு போயிற்று.

ஆகையால், வாசகர் இந்தப் பக்கத்தை மூடியதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். ஆயில் மூடியோடு வரும் குச்சியைக் கழற்றித் துடைத்து, மறுபடி நுழையுங்கள். பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளில் அதைத் திருகாமல், துளையின் வாயில் வைத்தமட்டில் எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால், டப்பாவின்மேல் ஜாசோ எம்.ஏ. என்றிருப்பதைப் பார்த்து, கையேட்டில் சொன்ன அதே தரத்து எண்ணெயை மேற்கோடு வரை ஊற்றி மூடியை இறுக்குங்கள்.